இடம் மாறிய கொம்பு

தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாநாடுகளையும் அரசாணைகளையும் கொண்டே எழுதுகிறார்கள். 1991இல் யுனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது, 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு தமிழ்99 விசைப்பலகையைத் தந்தது, 2010இல் தமிழக அரசு யுனிகோடை ஏற்றது என்று அந்த வரிசை நீளும். எல்லாம் உண்மைதான். ஆனால் வீட்டுக் கணினியில் யுனிகோட் தமிழ் எப்போது ஒழுங்காகத் தெரிந்தது என்று கேட்டால் இந்த வரிசையில் விடை கிடைக்காது. விண்டோஸ் எக்ஸ்பியின் கண்ட்ரோல் பேனலில்தான் அதைத் தேட வேண்டும்.

2001இல் வந்த எக்ஸ்பியில் தமிழுக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. ஆனால் ஆங்கிலப் பதிப்பில் அவை அணைத்தே வைக்கப்பட்டிருந்தன. 'ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குப் போய், சிக்கலான வரிவடிவங்களுக்கான கட்டத்தில் டிக் போட்டு, கேட்டால் எக்ஸ்பி சிடியைச் செருகி, கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 'பெயர்' என்ற சொல்லில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். யுனிகோட் எழுத்தை ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் ப, பிறகு எகரக் குறி. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது இயங்குதளத்தின் வேலை. 'கொ' என்றால் ஒரே குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து இருபுறமும் வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பகுதிதான் முடக்கப்பட்டிருந்தது.

பயனர்கள் பழைய எழுத்துருக்களை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டதே தாமதத்துக்குக் காரணம் என்று சொல்வதுண்டு. இது அநியாயமான குற்றச்சாட்டு. மின்னஞ்சல் விவாதங்களில் உருவான திஸ்கி என்ற பழைய குறியேற்றம், கொம்பைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தது. எழுத்துருவை நிறுவிவிட்டால் விண்டோஸ் 95இலும் படிக்கலாம். மதுரைத் திட்டம் யுனிகோடுக்கு முன் தன் மின்னூல்களை அதில் வெளியிட்டதற்குத் தகுந்த காரணம் இருந்தது. சிடி கைவசம் இல்லாத வீட்டிலும், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கிடைக்காத பிரவுசிங் சென்டரிலும் உட்கார்ந்திருந்தவரிடம் யுனிகோடுக்கு மாறச் சொல்வது எளிது. அவர் திரையில் கொம்பு சரியான இடத்துக்கு வந்திருக்காது.

தேடுபொறிகள் யுனிகோடையே நாடியதால் மாற்றம் எப்படியும் வந்திருக்கும் என்ற வாதத்தில் வலு இருக்கிறது. எழுதுகிறவர்களை இழுத்தது அதுதான். ஆனால் வாசகர் வேறு. அவருக்காக விக்கிப்பீடியா தனி உதவிப் பக்கமே வைத்து, எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று ஆங்கிலத்தில் விளக்கியது. தமிழே சரியாகத் தெரியாத திரைக்குத் தமிழில் எப்படி வழி சொல்வது? 2007இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் சிக்கலான வரிவடிவ வசதி தொடக்கத்திலேயே இயங்கியது. கட்டத்தையும் சிடியையும் தேடும் வேலை அதன்பிறகுதான் ஒழிந்தது. அரசாணை வர இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன.