இரைச்சலும் எறிபொருளும்: 'மெர்ட்ஸ்பௌ' இசைத்திட்டத்தின் வளர்ச்சிநிலைகள்

மின்னணு இசையின் வரலாற்றை எழுதுவோர் கருவிகளின் மாற்றத்தைக் கொண்டே காலப்பகுப்புச் செய்வது வழக்கம். மசாமி அகிதா டோக்கியோவில் 1979இல் தொடங்கிய 'மெர்ட்ஸ்பௌ' என்னும் இரைச்சலிசைத் திட்டமும் ஒலிநாடாக் காலம், மின்னொலியாக்கிக் காலம், மடிக்கணினிக் காலம் என்றே பகுக்கப்படுகிறது. இப்பகுப்பு எளிதானது, ஆனால், கருவிகள் மாறியபோதும் மாறாதிருந்த ஒன்றை அது மறைத்துவிடுகிறது.

அதனைப் பெயரே காட்டுகிறது. ஜெர்மானியக் கலைஞர் கூர்ட் ஷ்விட்டர்ஸ், வணிகத்தைக் குறிக்கும் 'கொமெர்ட்ஸ்' என்ற சொல்லின் துண்டான 'மெர்ட்ஸ்' என்பதைத் தம் கலைக்குப் பெயராக்கினார். எறிபொருள்களையும் சேர்த்து ஹனோவரில் தம் வீட்டினுள் அவர் எழுப்பிய 'மெர்ட்ஸ்பௌ' 1943இல் குண்டுவீச்சில் அழிந்தது. ஓவியமும் கலைக்கோட்பாடும் பயின்ற அகிதா, பெயரோடு அம்முறையையும் ஏற்றார். உலோகப்பொருள்களின் ஓசை, ஒலிநாடா வளையங்கள், ஒலிபெருக்கியின் பின்னூட்ட ஓலம் என இசை விலக்கிவைத்தவையே அவருக்கு மூலப்பொருள்களாயின. குப்பைத்தொட்டிகளில் கிடைத்த இதழ்களின் பக்கங்களை வெட்டியொட்டி, ஒளிநகலெடுத்து, அஞ்சல்வழி விற்ற ஒலிநாடாக்களுக்கு உறையாக்கினார். 1980களின் இறுதியில் தம் பழைய பதிவுகளையே வெட்டி மறுபயன் செய்தார். தம் படைப்பையும் கழிவாகக் கருதும் இத்துணிவு ஷ்விட்டர்ஸின் முறையை மேலும் ஒரு படி நகர்த்துகிறது எனலாம்.

1990களில் வெளிவந்த 'வெனிரியாலஜி' (1994), 'பல்ஸ் டீமன்' (1996) ஆகியவை உச்ச ஒலியளவால் உலகக் கவனம் பெற்றன. 2000இல் ஆஸ்திரேலிய நிறுவனமொன்று 50 குறுந்தட்டுகள் கொண்ட 'மெர்ட்ஸ்பாக்ஸ்' தொகுதியை வெளியிட்டது. எறிபொருளில் பிறந்த கலை சேகரிப்போரின் அரும்பொருளானது ஒரு முரண். மடிக்கணினிக்கு அகிதா மாறியதும் ஏறத்தாழ இக்காலத்திலேதான்.

அதன்பின் நிகழ்ந்த மாற்றமே ஆய்வுக்குரியது. விலங்குப்பொருள்களை முற்றும் தவிர்க்கும் வாழ்க்கையை மேற்கொண்ட அகிதா, திமிங்கில வேட்டையை எதிர்த்து 'பிளடி சீ' (2006) முதலியவற்றை வெளியிட்டார். சொல்லற்ற இரைச்சல் அறக்கருத்தை உணர்த்துமா என்னும் வினா இங்கு எழுகிறது. தலைப்பையும் அட்டையையும் நீக்கிக் கேட்பவருக்குத் திமிங்கிலம் புலப்படாது. எனினும், பயனற்றதென ஒதுக்கப்பட்ட ஓசைக்கும் பயனுக்காகக் கொல்லப்படும் உயிருக்கும் அவர் ஒரே செவியைக் கொடுத்தார் என்பதை மறுத்தல் அரிது. 2009இல் மாதந்தோறும் வெளிவரத் தொடங்கிய 'பதின்மூன்று ஜப்பானியப் பறவைகள்' வரிசையில் கணினியோசைக்கு நடுவே முரசுத்தொகுதி மீண்டும் ஒலிக்கிறது. இத்திட்டத்தைத் தொடங்குமுன் ராக் குழுக்களில் அகிதா வாசித்த கருவி அது.