வட்ட மேசை வகுப்பறை: ஒரு பல்கலைக்கழகச் சீர்திருத்தத்தின் வரலாறு

பல்கலைக்கழகங்களில் எவை கற்பிக்கப்பட்டன என்பது பற்றிய ஆய்வுகள் மிகுதியாக உள்ளன. அவை எத்தகைய அறையில், யார் யாரை நோக்கி அமர்ந்திருக்கக் கற்பிக்கப்பட்டன என்ற கேள்விக்கு அந்த அளவு கவனம் கிடைத்ததில்லை. ஆயினும் மாணவர் ஆசிரியரை மட்டுமே பார்த்து அமர்கிறாரா, சக மாணவரின் முகத்தையும் பார்த்து அமர்கிறாரா என்பது, அவர் கேட்பவராக இருந்துவிடுவாரா, விவாதிப்பவராக ஆவாரா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. 1990களில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருப்பெற்று, பின்னர் பல நாடுகளுக்குப் பரவிய வட்ட மேசை வகுப்பறை இந்தப் புரிதலின் விளைவாகும். அதன் முன்வரலாற்றையும், அது சந்தித்த எதிர்ப்பையும், அது வேர்கொண்ட விதத்தையும் தொடர்ந்து பார்க்கும்போது, கூட்டுக் கற்பித்தலுக்கென ஓர் இடத்தை அமைக்க முனையும் பல்கலைக்கழகம் கட்டடத்துக்கு முன்பாக எதைக் கட்ட வேண்டும் என்பது தெளிவாகிறது.

ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் பழைய வகுப்பறைக்கு நல்லதொரு சான்று, பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லௌரென்டியஸ் தே வோல்டோலினா தீட்டிய சிற்றோவியம் ஆகும். போலோன்யா பல்கலைக்கழக வகுப்பைக் காட்டுவதாகக் கருதப்படும் அந்த ஓவியத்தில், ஆசிரியர் உயரமான மேடையில் நூலை விரித்து வைத்திருக்க, மாணவர்கள் வரிசை வரிசையாக அமர்ந்துள்ளனர். முன்வரிசையினர் நூலில் கவனம் செலுத்த, பின்வரிசையில் சிலர் தமக்குள் பேசிக்கொண்டும் ஒருவர் உறங்கிக்கொண்டும் இருக்கின்றனர். நூல்கள் கையால் எழுதப்பட்டு அரியனவாக இருந்த காலத்தில், ஒருவர் படித்து விளக்கப் பலர் கேட்கும் இந்த முறைக்கு நியாயமான காரணம் இருந்தது. அச்சு வந்து நூல்கள் மலிந்த பின்னரும் அந்த முறை நீடித்ததற்கு வேறு காரணங்கள் இருந்தன: ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானவருக்குப் பாடம் நடத்துவது செலவு குறைந்த வழியாக இருந்தது என்பதோடு, அந்த வழிக்கென எழுப்பப்பட்ட மண்டபங்களும் நிலைத்து நின்றன.

இதற்கு மாற்றான இரண்டு இடங்கள் ஜெர்மனியில் தோன்றின. ஹாலே பல்கலைக்கழகத்தில் ஃப்ரீட்ரிக் ஆகஸ்ட் வோல்ஃப் 1787ஆம் ஆண்டில் தொடங்கிய மொழிநூல் கருத்தரங்கில், தேர்ந்தெடுக்கப்பட்ட சில மாணவர்கள் தாமே மூலநூல்களை ஆராய்ந்து, தம் முடிவுகளை ஆசிரியர் முன்னிலையிலும் சக மாணவர் முன்னிலையிலும் வைத்து வாதிட்டனர். 1824ஆம் ஆண்டில் தமது இருபத்தொன்றாம் வயதில் கீசென் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான யுஸ்டுஸ் ஃபான் லீபிக், வேதியியலைக் கேட்டு அறியும் பாடமாக அன்றி, மாணவர்கள் அருகருகே நின்று தம் கையால் செய்து அறியும் பாடமாக ஆக்கினார். கருத்தரங்கு மேசையும் ஆய்வுக்கூட மேடையும் 1876ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வழியாக அமெரிக்காவிலும் ஊன்றின. ஆனால் இவை இரண்டும் பெரும்பாலும் உயர்நிலை மாணவர்களுக்கு உரியனவாகவே இருந்தன. முதலாண்டு மாணவர் பெருமண்டபத்தில் கேட்பவராகவே தொடர்ந்தார். ஆய்வுக்கூடம் அவருக்கும் திறக்கப்பட்டபோது, அது விரிவுரையிலிருந்து பிரிந்து, வேறு நாளில், வேறு கட்டடத்தில், பெரும்பாலும் வேறொருவர் மேற்பார்வையில் நடக்கும் தனி வேலையாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், திரும்பி வந்த படைவீரர்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் தொகை பெருகியபோது, இந்தப் பிளவு மேலும் ஆழமாயிற்று. அதே காலப்பகுதியின் தொடர்ச்சியாக, கற்பித்தலையே ஆராய்ந்து மேம்படுத்த வேண்டிய பணியாகக் காணும் முயற்சிகளும் எழுந்தன. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962ஆம் ஆண்டில் கற்றல், கற்பித்தல் ஆய்வுக்கென ஒரு மையத்தை நிறுவியது; கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969ஆம் ஆண்டில் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட மருத்துவப் பள்ளி, விரிவுரைகளைப் பெரிதும் குறைத்து, சிறு குழுவினர் ஒரு நோயாளியின் சிக்கலை எடுத்துக்கொண்டு அதன் வழியே உடற்கூறும் உடலியங்கியலும் கற்கும் முறையைப் பாடத்திட்டத்தின் மையமாக்கியது.

ஆனால் நூற்றுக்கணக்கானோர் படிக்கும் அறிமுகப் பாடங்களில் மாற்றத்தைக் கட்டாயமாக்கியது இயற்பியல் துறையில் கிடைத்த ஒரு சான்றே. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இப்ராகிம் ஹல்லூன், டேவிட் ஹெஸ்டெனீஸ் ஆகியோர் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள், விசையையும் இயக்கத்தையும் பற்றி மாணவர்கள் கொண்டுவரும் தவறான நம்பிக்கைகள் ஒரு பருவம் முழுதும் விரிவுரை கேட்ட பின்னரும் பெரும்பாலும் அப்படியே இருப்பதையும், விரிவுரையாளர் யார் என்பது இந்த முடிவைப் பெரிதாக மாற்றுவதில்லை என்பதையும் காட்டின. 1992ஆம் ஆண்டில் ஹெஸ்டெனீஸும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட விசைக் கருத்துத் தேர்வு, கணக்கீடு ஏதும் இன்றிக் கருத்துப் புரிதலை மட்டும் சோதிக்கும் வினாக்களின் தொகுப்பாக இருந்ததால், எந்தப் பல்கலைக்கழகமும் தன் மாணவரின் நிலையைத் தானே அளந்துகொள்ள முடிந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் மாசூர் இத்தகைய வினாக்களைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்தபோது, கடினமான கணக்குகளைச் செய்து முடிப்பவர்களும் அடிப்படைக் கருத்தில் தடுமாறுவதைக் கண்டு, வகுப்பின் நடுவே கேள்வி எழுப்பி, மாணவர்கள் பக்கத்திலிருப்பவருடன் வாதிட்டபின் மீண்டும் விடையளிக்கும் சகமாணவர் போதனை முறையை 1991ஆம் ஆண்டு முதல் வளர்த்தெடுத்தார்.

மாசூரின் முறை பழைய மண்டபத்துக்குள்ளேயே நடந்தது. வேறு சிலர் அறையையே மாற்ற முற்பட்டனர். பிரிசில்லா லாஸ் 1980களின் பிற்பகுதியில் டிக்கின்சன் கல்லூரியில் விரிவுரையை நீக்கி, பாடம் முழுவதையும் சோதனைகளின் வழியே நடத்தும் பட்டறை இயற்பியலை அறிமுகப்படுத்தினார். ரென்சலர் தொழில்நுட்பக் கழகத்தில் ஜாக் வில்சன் 1990களின் முற்பகுதியில், விரிவுரை, பயிற்சி வகுப்பு, ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றையும் ஒரே அறையில் ஒரே வேளையில் இணைக்கும் பணிக்கூட வகுப்பை நிறுவினார். ஆய்வுக்கும் விளக்கத்துக்கும் இடையே நூறாண்டுகளாக இருந்த சுவர் இவ்விடங்களில் இடிந்தது. ஆயினும் இவை சிறு வகுப்புகள். ஒரே வேளையில் நூறு பேருக்கு இதைச் செய்ய முடியுமா என்ற கேள்வி எஞ்சியது.

அந்தக் கேள்விக்கு விடை தேடியவர் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் பைக்னர். ஸ்கேல்-அப் என்னும் பெயரில் அவரும் சக ஆசிரியர்களும் மேற்கொண்ட திட்டம், மேசையின் அளவையே ஆய்வுப் பொருளாக்கிப் பல அளவுகளைச் சோதித்தது. மேசை சிறிதானால் மடிக்கணினிக்கும் கருவிகளுக்கும் இடம் போதாது. பெரிதானால் எதிரே இருப்பவருடன் இயல்பான குரலில் பேச முடியாது. ஏறத்தாழ ஏழு அடி விட்டமுள்ள வட்ட மேசையே இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒவ்வொரு மேசையிலும் மூவர் கொண்ட மூன்று குழுக்கள், அதாவது ஒன்பது பேர்; பதினொரு மேசைகளில் 99 மாணவர்கள். சுவர்களைச் சுற்றிலும் வெண்பலகைகள் இருந்தன. ஆசிரியருக்கென முன்புறம் என ஒன்று இல்லாததால், அவர் மேசைகளுக்கிடையே நடந்துகொண்டே இருக்க வேண்டியதாயிற்று. குழுக்களை மாணவர்கள் தம் விருப்பப்படி அமைக்கவில்லை. தேர்ச்சியில் உயர்ந்தவர், இடைப்பட்டவர், பின்தங்கியவர் மூவரும் ஒரே குழுவில் அமையுமாறு ஆசிரியரே பிரித்தார்.

வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி சிறு பணிகளில் கழிந்தது. பாடநூலின் ஒரே ஒரு தாளின் தடிமனைக் கண்டறிக என்னும் பணி அவற்றுள் ஒன்று. நூலின் மொத்தத் தடிமனை அளந்து தாள்களின் எண்ணிக்கையால் வகுக்கும்போது, கணிப்பான் காட்டும் இலக்கங்களுள் எத்தனையை நம்பலாம் என்ற கேள்வி தானாகவே எழுகிறது. குழுக்கள் தம் விடைகளை ஒப்பிட்டு வாதிடும்போது, அளவீட்டின் நம்பகத்தன்மை பற்றிய பாடம் சொல்லிக்கொடுக்காமலே நடந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான மாணவர்களின் தரவுகளை மரபான வகுப்புகளோடு ஒப்பிட்ட மதிப்பீடுகளில், கருத்துப் புரிதல் உயர்ந்திருந்தது. தோல்வி விகிதம், குறிப்பாகப் பெண்களிடையேயும் சிறுபான்மையினரிடையேயும், பெரிதும் குறைந்திருந்தது.

இந்த மாதிரி மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்றபோதுதான் அதன் கடுமையான சோதனை நிகழ்ந்தது. அங்கு எல்லா இளநிலை மாணவர்களும் படித்தாக வேண்டிய மின்காந்தவியல் பாடத்துக்கு, பருவ இறுதியில் பாதிக்கும் குறைவானோரே வந்துகொண்டிருந்தனர். அதைச் சீர்செய்ய, பேராசிரியர் ஜான் பெல்ச்சர் தலைமையில், பதின்மூன்று வட்ட மேசைகளும் மேசைக்கு ஒன்பது இருக்கைகளும் கொண்ட புதிய அறை அமைக்கப்பட்டது. தொழில்நுட்பத் துணையுடன் கூடிய செயல்வழிக் கற்றல் எனப்பட்ட இந்தத் திட்டம் 2001ஆம் ஆண்டிலும் 2002ஆம் ஆண்டிலும் சிறிய அளவில் நடத்தப்பட்டு நற்பயன் தந்தது. ஆனால் 2003ஆம் ஆண்டு வசந்தப் பருவத்தில் பாடம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டவுடன், பழைய விரிவுரை முறையைத் திரும்பக் கொண்டுவருமாறு நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கையெழுத்திட்ட மனு எழுந்தது. அதே பருவத்தின் மதிப்பீடோ, கருத்துப் புரிதலில் இம்மாணவர்கள் அடைந்த முன்னேற்றம் விரிவுரை கேட்டவர்களுடையதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு எனக் காட்டியது.

அதிகம் கற்றவர்களே குறை கூறிய இந்த முரணுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று கற்றலின் இயல்பைச் சார்ந்தது: 2019ஆம் ஆண்டில் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்று, தாமே முயன்று கற்கும் வகுப்பில் மாணவர்கள் உண்மையில் அதிகம் கற்றும், குறைவாகவே கற்றதாக உணர்ந்ததை வெளிப்படுத்தியது. முயற்சியின் சிரமத்தை அவர்கள் அறியாமையின் அடையாளமாக எடுத்துக்கொள்கின்றனர், சரளமான விரிவுரையின் தெளிவையோ தம் தெளிவாகவே கருதிவிடுகின்றனர். மற்றொன்று அமைப்பைச் சார்ந்தது. முன்னோட்ட வகுப்புகளை நடத்தியவர்கள் திட்டத்தை உருவாக்கியவர்களே. விரிவாக்கத்தின்போது, இம்முறைக்குப் புதியவர்களான ஆசிரியர் பலர் போதிய பயிற்சி இன்றி அவ்வறைக்குள் அனுப்பப்பட்டனர். பின்னர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கூட்டப்பட்டது. சோதனைகள் பாடத்தோடு நெருக்கமாக இணைக்கப்பட்டன. குழுக்கள் தேர்ச்சி நிலைகள் கலந்தவையாக அமைக்கப்பட்டன. பாடம் நிலைபெற்றது, வருகை உயர்ந்தது, தோல்வி விகிதம் பாதிக்கும் கீழாக இறங்கியது.

அறைக்கும் ஆசிரியருக்கும் உள்ள பங்கைப் பிரித்தறிய மேலும் இரண்டு ஆய்வுகள் உதவுகின்றன. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரே ஆசிரியர் ஒரே பாடத்தை மரபான அறையிலும் வட்ட மேசை அறையிலும் நடத்தியபோது, நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்த வட்ட மேசை மாணவர்கள் மற்றவர்களுக்கு இணையான தேர்ச்சி பெற்றனர். ஆகவே அறைக்கும் ஒரு வலிமை உண்டு. மறுபுறம், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமனும் சக ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடத்தி 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பீட்டில், வழக்கமான பெருமண்டபத்திலேயே, அனுபவமிக்க பேராசிரியரின் விரிவுரையைக் கேட்டவர்கள் சராசரியாக 41 விழுக்காடும், செயல்வழிக் கற்றலில் பயிற்சி பெற்ற இளம் ஆய்வாளர் நடத்திய வகுப்பினர் 74 விழுக்காடும் பெற்றனர். அறை நல்ல கற்பித்தலை எளிதாக்குகிறது. அதற்கு ஈடாக நிற்க அதனால் இயலாது.

வீமன் 2007ஆம் ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் இந்தப் படிப்பினையை நிறுவன வடிவாக்கியது. அங்கு பெரும் முதலீடு மனிதர்களுக்கே சென்றது: அந்தந்தத் துறையில் முனைவர் பட்டமும், கற்றல் ஆய்வில் பயிற்சியும் பெற்ற இளம் ஆய்வாளர்கள் துறைகளுக்குள்ளேயே அமர்த்தப்பட்டு, மாணவர் எதைச் செய்ய அறிந்திருக்க வேண்டும், இப்போது எதைக் கற்கின்றனர், எம்முறை அதை மேம்படுத்தும் என்னும் மூன்று கேள்விகளைப் பேராசிரியர்களுடன் சேர்ந்து ஒவ்வொரு பாடத்துக்கும் எழுப்பினர். ஆய்வில் ஒருவர் மற்றவரின் முடிவைச் சோதிப்பதை இயல்பாகக் கொண்ட பேராசிரியர்கள், கற்பித்தலை மட்டும் மூடிய கதவுக்குப் பின்னால் தனியே செய்துவந்த மரபு இதனால் தளர்ந்தது.

இவ்வகை முறைகளின் பயனை இனி ஐயுறுவதற்கு இடம் இல்லை. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, விரிவுரை வகுப்புகளில் 33.8 விழுக்காடாக இருந்த சராசரித் தோல்வி விகிதம் செயல்வழி வகுப்புகளில் 21.8 விழுக்காடாக இருப்பதைக் காட்டியது. ஆனால் கூட்டுக் கற்பித்தலின் வரலாறு காட்டும் வரிசைமுறையைப் பல்கலைக்கழகங்கள் மறந்துவிடலாகாது. விரிவுரைக்கும் ஆய்வுக்கும் இடையேயான பிரிவு ஓர் அறைத் திட்டத்தால் நீங்கியது. மாணவருக்கும் மாணவருக்கும் இடையேயான பிரிவு ஒரு மேசையால் குறைந்தது. ஆசிரியருக்கும் ஆசிரியருக்கும் இடையேயான பிரிவோ நேரம், பயிற்சி, துறையின் ஒப்புதல், பதவி உயர்வில் கற்பித்தலுக்கு உரிய மதிப்பு ஆகியவை சேர்ந்தால் மட்டுமே நீங்குகிறது. எனவே புதிய கற்பித்தல் மையம் ஒன்றைத் திட்டமிடும் பல்கலைக்கழகத்துக்கு, மேசைகளையும் திரைகளையும் வாங்கும் முன், ஒரே பாடத்தைச் சேர்ந்து வடிவமைத்து, ஒருவர் வகுப்பில் மற்றவர் அமர்ந்து, மாணவர் கற்றதை ஒன்றாக அளந்து திருத்தும் ஆசிரியர் குழுவை உருவாக்குவதே முதற்பணியாகும். மாணவரைச் சேர்ந்து கற்கச் சொல்லும் உரிமை, சேர்ந்து கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே உண்டு.