முக்கோணமும் நட்சத்திரமும்

மேமோகிராம் படத்தில் மார்பகப் புற்றுநோயைத் தேடும் கணினிக் கருவியை அமெரிக்கா முதலில் அனுமதித்தது 1998-இல். ஆர்2 டெக்னாலஜி நிறுவனத்தின் ‘இமேஜ்செக்கர்’ அது. மருத்துவர் தன் கண்ணால் படத்தைப் பார்த்து முடித்த பிறகே கருவி பேசும்: பொத்தானை அழுத்தினால், சுண்ணத் துகள்கள் கொத்தாகத் தெரியும் இடத்தில் முக்கோணமும், கட்டியென்று சந்தேகிக்கும் இடத்தில் நட்சத்திரக் குறியும் விழும். 1967-இல் வின்ஸ்பெர்க் குழு செய்த முதல் முயற்சியும், எண்பதுகளில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் குனியோ டோய் குழு நடத்திய ஆய்வுகளும் இதற்கு வழி போட்டவை. 2002-க்குள் மெடிகேர் காப்பீடு இதற்குக் கூடுதல் கட்டணம் தரத் தொடங்கியது. பிறகு கேட்க வேண்டுமா, பத்தே ஆண்டுகளில் அந்நாட்டின் பெரும்பாலான மேமோகிராம்கள் கருவியைக் கடந்தே போயின. பலன் உண்டா என்ற கணக்குதான் தாமதமாக வந்தது. 43 மையங்களில் ஏறத்தாழ 4,29,000 படங்களை அலசிய 2007-ஆம் ஆண்டு ஆய்வில், கருவி வந்த மையங்களில் நோயில்லாதவர்களைச் சரியாக விலக்கும் விகிதம் 90.2-இலிருந்து 87.2 சதவீதமாக இறங்கியிருந்தது. திசுச் சோதனைகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தன. கண்டறிந்த புற்றுநோய்களோ குறிப்பிடும்படி கூடவில்லை. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட டிஜிட்டல் படங்களைப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வும் பலன் ஏதும் காணவில்லை.

பழைய மென்பொருளுக்குக் கூர்மை போதவில்லை, படங்களிலிருந்து தானே கற்கும் ஆழ்கற்றல் வந்துதான் நிலைமை மாறியது என்பார்கள். பாதி உண்மை. அதே தலைமுறைக் கருவியை 2008-இல் பிரிட்டன் வேறு விதமாகச் சோதித்தது. அங்கே ஒரு படத்தை இரு மருத்துவர்கள் பார்ப்பது வழக்கம். அதில் ஒருவர் இடத்தில் கருவியை உட்கார வைத்தார்கள். இரு மருத்துவர் முறை 87.7 சதவீதப் புற்றுநோய்களைப் பிடித்தது. ஒரு மருத்துவரும் கருவியும் சேர்ந்து 87.2. மறு பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்கள் மட்டும் சற்றுக் கூடுதல். ஆக, கருவிக்குக் கொடுத்த இடமும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஆழ்கற்றல் கருவியைச் சோதித்த ஸ்வீடனின் ‘மசாய்’ ஆய்வும் இடத்தை முதலில் வகுத்தது: ஆபத்துக் குறைந்த படத்தை ஒரு மருத்துவரும், கூடியதை இருவரும் பார்க்கும்படி கணினி பிரித்துக் கொடுத்தது. 80,000 பெண்களை இரு பிரிவாக்கிய அதன் 2023 முடிவில், கணினிப் பிரிவில் 244 புற்றுநோய்கள், மற்றதில் 203. படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைவு. அமெரிக்காவில் ஒரு மருத்துவர்தானே பார்க்கிறார், காலி செய்து கொடுக்க இடமேது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, கட்டணத்தை முடிவு செய்யும் முன்பே அங்கே அதைக் கேட்டிருக்க வேண்டும்.