முழமும் சொட்டும்

காஞ்சிப் பட்டுப் புடவையின் உடலில் வரிசையாக வரும் சின்னச் சரிகைப் புட்டாவுக்கு ‘மல்லி மொக்கு’ என்று பெயர். பூ இல்லை, மொக்கு. அந்தப் பெயரை வைத்தவர் மல்லியைப் பூக்கடையில் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். நம்மூரில் மல்லி மொக்காகத்தான் விற்பனைக்கு வரும். விடியலில் பறித்து, மூட்டையில் வந்து, உதிரியாகவோ சரமாகவோ கைமாறி, சாயங்காலம் தலையில் இருக்கும்போதுதான் விரியும். வைகாசி கருட சேவைக்கு வரதராஜருக்குக் கட்டும் மாலையிலும் மொக்கு வீதியில் போகப் போகத்தான் அவிழும். அந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் நந்தவனம் வைக்க நிலம் விட்ட செய்திகள் உண்டு. காஞ்சிக்குப் பூ என்பது எப்போதும் கட்டுகிற பொருள், சாத்துகிற பொருள். பிழிகிற பொருள் அல்ல.

பிழியவும் முடியாது. ரோஜாவைப் போல மல்லியைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி வடித்தால் வாசனை கெடும், எண்ணெயும் தேறாது. அதோடு மொக்கில் மணம் மிகக் குறைவு. விரிய ஆரம்பித்த பிறகுதான் பூ மணத்தை உண்டாக்குகிறது, செடியிலிருந்து பறித்த பின்னும் மணிக்கணக்காக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஆகவே மல்லி வாசனையைப் பிடிக்க நினைத்தவர்கள் எல்லோரும் ஒரே தந்திரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்: பூவைக் கொல்லாமல் வைத்துக்கொண்டு அதன் மூச்சைத் திருடுவது.

இந்தியாவில் அதற்கு எள் பயன்பட்டது. எள்ளையும் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ போட்டு, எள் வாசனையைக் குடித்த பிறகு செக்கில் ஆட்டுவார்கள். சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேஸ்வரன் 12-ம் நூற்றாண்டில் எழுதிய மானசோல்லாசத்தில், அரசனின் எண்ணெய்க் குளியலைச் சொல்லும் இடத்தில் பூவில் ஊறிய எள்ளின் எண்ணெய் வருகிறது. பின்னாளில் உத்தரப் பிரதேசத்து ஜவுன்பூரும் காஸிப்பூரும் சமேலி எண்ணெய்க்குப் பேர் பெற்றன. தெற்கு பிரான்சின் கிராஸ் நகரத்தில் எள்ளுக்குப் பதில் கொழுப்பு. கண்ணாடிச் சட்டத்தில் மிருகக் கொழுப்பைத் தடவி, அதன்மேல் பூவை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார்கள். கையுறைத் தோலின் நாற்றத்தை மறைக்க வாசனை தேடிய ஊர் அது. அங்கே வளர்த்த பூ நம் ஜாதிமல்லி, அதாவது பிச்சி. ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம் என்று தாவரப் பெயர். 1921-ல் வந்த ஷனேல் நம்பர் 5-க்குள் இருப்பதும் அதுதான்.

கொழுப்பின் இடத்தைப் பிறகு ஹெக்சேன் என்ற கரைப்பான் பிடித்தது. பூவை அதில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கினால் மெழுகு போல ஒன்று மிஞ்சும். அதற்கு கான்கிரீட் என்று பெயர். அதைச் சாராயத்தில் கரைத்து மெழுகை நீக்கினால் கிடைப்பது அப்சல்யூட். ஒரு கிலோ கான்கிரீட்டுக்குப் பிச்சிப் பூ ஏறக்குறைய 350 கிலோ வேண்டும். குண்டுமல்லி என்றால் அதைவிடக் கூடுதல். கான்கிரீட்டில் பாதி போலத்தான் அப்சல்யூட்டாகத் தேறும். இன்று இந்த வேலை கோவை, சத்தியமங்கலம், திண்டுக்கல் பக்கங்களில் நடக்கிறது. நம் பூ டிரம்மில் கப்பலேறி, ஐந்து மில்லி சீசாவில் ‘ஜாஸ்மின் எசென்ஷியல் ஆயில்’ என்ற பெயரோடு திரும்பி வருகிறது. கறாராகச் சொன்னால் அது எசென்ஷியல் ஆயிலே அல்ல, கரைப்பானில் எடுத்ததை அப்படிச் சொல்லக் கூடாது. நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சீசாவில் அப்சல்யூட்டும் இருக்காது. மேலே சொன்ன கிலோக் கணக்கே போதும் அதைச் சொல்ல.

சீசாவோடு சேர்ந்து வந்ததுதான் ‘அரோமாதெரபி’ என்ற சொல். பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே-மோரிஸ் கட்டஃபோஸே 1937-ல் அந்தப் பெயரிலேயே நூல் வெளியிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் ஒவ்வொரு பூவுக்கும் ஒரு குணப்பட்டியல் எழுதினார்கள். மல்லிக்கு எழுதியது மனச்சோர்வு, காமம், பிரசவம். அதோடு சில புத்தகங்களில் இன்னொன்றும் இருக்கும்: தாய்ப்பால் சுரப்பைக் கூட்டும் என்று.

இதைக் காஞ்சியிலோ வேலூரிலோ ஓர் ஆயாவிடம் சொன்னால் “என்னாடி பேத்துற?” என்பார். பால் கட்டிக்கொண்டு மார் கனத்தால், பாலை வற்றவைக்க வேண்டியிருந்தால், மல்லிச் சரத்தை மார்மேல் வைத்துக் கட்டுவது இங்கே வீட்டு வைத்தியம். மல்லி பாலை நிறுத்தும், அவ்வளவுதான். குழந்தை பிறந்து இறந்துபோன வீட்டில் யாரும் சத்தமாகப் பேசாமல் செய்கிற காரியம் அது. மங்கலத்துக்கு வாங்குகிற அதே பூ, அதே முழம்.

காஞ்சிக்கு மேற்கே 70 கிலோமீட்டர் போல இருக்கும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆய்வு 1988-ல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மகப்பேறு மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவுப் பெண்களுக்குப் பாலை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரை. மற்றப் பிரிவுக்கு மார்மேல் ஒட்டிய குண்டுமல்லிச் சரம், மார்பொன்றுக்கு 50 சென்டிமீட்டர். மருத்துவ இதழில் 50 சென்டிமீட்டர் என்றால், பூக்காரம்மாவின் கணக்கில் கொஞ்சம் தாராளமான ஒரு முழம்.

இரண்டு பிரிவிலும் ரத்தத்தில் புரோலாக்டின் குறைந்தது. மாத்திரையில் அதிகமாகக் குறைந்தது. ஆனால் மார்க்கட்டு, பால் அளவு, வலி மாத்திரை கேட்டது இவற்றையெல்லாம் பார்த்தால் பூவும் மாத்திரையும் சமம். மாத்திரை கிடைக்காத, வாங்க முடியாத இடத்தில் பூ போதும் என்று அவர்கள் முடித்தார்கள். 1990-களின் நடுவில் அமெரிக்காவில் பால் நிறுத்துவதற்கு அந்த மாத்திரையைக் கொடுப்பதே கைவிடப்பட்டது. காரணம் பக்கவாதமும் மாரடைப்பும். முழம் பூ அந்த வம்பில் மாட்டவில்லை.

இந்த ஆய்வை அதற்கு மேல் இழுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே சோதித்தது பச்சைப் பூவை, அதுவும் தோல்மேல் வைத்து. சீசா எண்ணெயை அல்ல. தலையில் பூ வைத்தால் பால் நின்றுவிடும் என்றும் அதில் இல்லை. ஆனாலும் பால் கொடுக்கிற பெண்ணிடம் “இது பால் சுரக்க நல்லது” என்று மல்லி எண்ணெயை நீட்டுவது, இருக்கிற ஒரே நல்ல சாட்சியத்துக்கு நேர் எதிரான காரியம். சீசாவின் லேபிளில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. பூவோடு கூடவே இருந்த எச்சரிக்கை, பூ டிரம்மில் ஏறியபோது ஆயாவின் வீட்டிலேயே தங்கிவிட்டது. பால் கொடுக்கிறவர்கள் மார்ப் பக்கம் இதைக் கொண்டுபோக வேண்டாம். குழந்தை முகம் வைக்கிற இடம் வேறு.

மற்றவர்களுக்கும் சில விஷயங்கள். அப்சல்யூட்டை அப்படியே தோலில் தடவக் கூடாது. அது சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும் என்பதால் வாசனைத் தொழிலின் சர்வதேச அமைப்பான இஃப்ரா அதற்கு வரம்பு வைத்திருக்கிறது. பிச்சிக்கு வரம்பு கடுமை, குண்டுமல்லிக்குத் தளர்வு. அதனால் சீசாவில் ‘ஜாஸ்மின்’ என்று மட்டும் போட்டிருந்தால் பயனில்லை, எந்த ஜாஸ்மினம் என்று போட்டிருக்க வேண்டும். 30 மில்லி நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் வேண்டாம். முதலில் முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள், இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். ஹெக்சேனில் எடுத்த பொருள் என்பதால் வாயில் படவே கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மூடிய அறையில் அதிகம் ஆவியாக்கினால் தலை வலிக்கும். மல்லிக்குள் இருக்கும் இண்டோல் என்ற பொருள் துளியளவில்தான் இனிமை, கூடினால் அழுகல் வாடை.

பட்டுக்கும் இது ஆகாது. அப்சல்யூட் செம்பழுப்பு நிறம், பட்டில் பட்ட கறை போகாது. சரிகையின் வெள்ளி கறுக்கும் என்று சொல்லி, சென்ட்டைப் புடவைமேல் அடிக்காதீங்க என்பார்கள் கடைக்காரர்கள். பட்டுக்கும் பூவுக்கும் நடுவில் பெண்கள் பழகிய தூரம் சரியாகவே இருந்திருக்கிறது. பூ கூந்தலில், பட்டு உடம்பில்.

வேலூர் ஆய்வு பூவை மலிவு என்றது. சித்திரை, வைகாசியில் வரத்து குவியும்போது அது இன்றும் உண்மை. தை முகூர்த்தத்தில், பனியில் மொக்கு கருகி வரத்து நின்றுபோகும் வாரத்தில், கிலோ சில ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. அப்போது மாருக்கு ஒரு முழம் என்று தினமும் இரண்டு முழம் வாங்க மாத்திரையைவிடக் கூடுதலாகச் செலவாகும்.