தண்டுக்குள் வாழும் புழுவும் அதன் பெயரும்: பருத்தித் தண்டுக் கூன்வண்டின் இளம்பருவங்களை விவரிப்பது குறித்து

ஒரு பூச்சியினத்தின் பெயர் முதிர்ந்த வண்டின் உடலமைப்பைக் கொண்டு நிறுவப்படுகிறது. ஆனால் அந்த இனம் பயிருக்கு விளைவிக்கும் கேடு பெரும்பாலும் புழுப்பருவத்தில் நிகழ்கிறது. இந்த இடைவெளி பயிருண்ணும் கூன்வண்டுகளில் மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது. தலையின் முன்பகுதி அலகுபோல நீண்டு, அதன் நுனியில் கடிக்கும் தாடைகள் அமைந்த வண்டுகளே கூன்வண்டுகள். அறிவியல் விவரித்துப் பெயரிட்டுள்ள கூன்வண்டு இனங்கள் ஏறத்தாழ 62,000 என்று 2007இல் கணக்கிடப்பட்டது. அவற்றுள் புழுவும் கூட்டுப்புழுவும் இனவேறுபாடு தெரியுமளவுக்கு விவரிக்கப்பட்டவை சிறு பகுதியே. கொங்கு நாட்டுப் பருத்தி வரலாற்றோடு ஒட்டி வாழ்ந்த தண்டுக் கூன்வண்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இளம்பருவங்களின் விவரிப்பு வகைப்பாட்டியலின் பின்னிணைப்பு அன்று, பயிர்ப்பாதுகாப்பு முடிவுகள் பலவற்றின் அடித்தளம் அது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

இந்த வண்டை 1898இல் ஃபௌஸ்ட் என்னும் வகைப்பாட்டியலாளர் பெம்பெரெஸ் அஃபினிஸ் என்று பெயரிட்டு விவரித்தார். பேரினப்பெயர் பின்னர் மாற்றப்பட்டு இன்று பெம்பெருலஸ் அஃபினிஸ் என வழங்குகிறது. வண்டு சில மில்லிமீட்டர் நீளமே உடையது, கரும்பழுப்பு நிறத்தது, சிறகுகளை மூடும் தடித்த உறைகளில் வெளிறிய திட்டுகள் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கம்போடியாப் பருத்தி சென்னை மாகாணத்துக்கு வந்து, கோவை வட்டாரத்தின் கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் பரவியபோது, மானாவாரிக் கருங்கண்ணி, உப்பம் பருத்திகளில் அவ்வளவாகப் பேசப்படாத இந்தச் சிறுவண்டு பெருந்தொல்லையாக உருவெடுத்தது. கோவையில் அரசுப் பூச்சியியலாளராகப் பணியாற்றிய டி.வி. ராமகிருஷ்ண அய்யர், அவருக்குப் பின் பி.என். கிருஷ்ண அய்யர் ஆகியோர் இதன் வாழ்க்கைமுறையையும் எதிரிப்பூச்சிகளையும் ஆராய்ந்தனர். அன்றைய கோவை மாவட்டத்தில் அடங்கியிருந்த திருப்பூரும் பல்லடமும் அவற்றைச் சுற்றி விரிந்த செம்மண் தோட்டங்களும் அந்த ஆய்வுகளுக்குப் பின்புலமாக அமைந்த பருத்தி நிலத்தின் பகுதிகளே. பல்லடம் சாலையில் உள்ள வீரபாண்டி இன்று திருப்பூர் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. அங்கே பருத்தி இப்போது நூலாகவும் துணியாகவுமே வந்திறங்குகிறது.

பாதிக்கப்பட்ட இளஞ்செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், மண்மட்டத்துக்குச் சற்று மேலே, வித்திலைகள் தோன்றிய கணுவை ஒட்டி, விரல்மூட்டு புடைத்ததுபோலத் தண்டு வீங்கியிருப்பதைக் காணலாம். பெண்வண்டு அலகால் அவ்விடத்தில் சிறு குழி தோண்டி முட்டையிடுகிறது. வீங்கிய இடத்தை நெடுக்காகப் பிளந்தால், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, தண்டைப் பருக்கச் செய்யும் வளர்திசுவைத் தின்று புழு உண்டாக்கிய பாதை, பழுப்புநிற எச்சத்தூள் அடைந்து வளைந்து செல்வது தெரியும். அதன் கோடியில் புழு பிறைபோல வளைந்து கிடக்கும். உடல் பால்வெள்ளை, தலைமட்டும் செம்பழுப்பு. வேளாண் கையேடுகள் தரும் கணக்குப்படி முட்டைப்பருவம் 6 முதல் 10 நாள், புழுப்பருவம் 35 முதல் 57 நாள், கூட்டுப்புழுப்பருவம் 9 முதல் 12 நாள். ஆக, பூச்சி ஏழு வாரத்துக்கும் மேலாகத் தண்டுக்குள்ளேயே வாழ்கிறது. அந்தக் காலத்துக்குள் இளஞ்செடி பட்டுப்போகலாம். பிழைத்த செடி வலுவிழந்து நின்று, காய்ப்பருவத்தில் காற்றடிக்கும்போது வீங்கிய இடத்திலேயே முறிந்து விழலாம்.

பரவலாகப் புழங்கும் கையேடுகள் இந்தப் புழுவைக் கால்களற்ற வெண்ணிறப் புழு என்று குறிப்பிட்டு நிறுத்திக்கொள்கின்றன. அந்தத் தொடரில் பிழை இல்லை. ஆனால் அது இந்த இனத்தின் விவரிப்பாகாது. கால்களற்று, வளைந்து, வெளிறிய உடலும் நிறமேறிய தலையும் கொண்டிருப்பது கூன்வண்டுப் புழுக்களுக்குப் பெரும்பாலும் பொதுவான இயல்பு. எனவே அத்தொடர் குடும்பத்தைச் சொல்கிறதே தவிர இனத்தைச் சொல்லவில்லை. பருத்தித் தண்டுக்குள் ஒரே புழுதான் உண்டு என்றால் இதுவே போதுமானதாக இருக்கும். நிலைமை அவ்வாறு இல்லை. ஆல்சிடோடெஸ் அஃபேபர் என்னும் தளிர்க் கூன்வண்டின் புழுவும் பருத்தி, வெண்டை ஆகியவற்றின் தண்டைத் துளைத்து, அங்கும் வீக்கத்தை உண்டாக்குகிறது. ஸ்பெனோப்டெரா காஸிப்பியை என்னும் மினுக்கு வண்டினத்தின் புழுவும் பருத்தித் தண்டைக் குடைகிறது. தலைக்கு அடுத்த மார்புக்கண்டம் அகன்று தட்டையாக இருப்பதால் இந்த மூன்றாவதை எளிதில் பிரித்தறியலாம். கூன்வண்டுகள் இரண்டையும் வீக்கத்தைக் கொண்டு பிரிப்பது நம்பத்தக்கதன்று. தண்டின் அடியில் வீங்கினால் ஒன்று, நுனியில் வீங்கினால் மற்றொன்று என்னும் வழக்கு, தாக்கும் இடத்தைப் பற்றிய ஒரு போக்கைச் சொல்வதேயன்றிப் பூச்சியின் அடையாளத்தைச் சொல்வதாகாது. அறிகுறியைப் பார்த்துப் பூச்சியைப் பெயரிடும் பழக்கம் வயற்குறிப்புகளில் வேரூன்றிவிட்டதால், பழைய பதிவுகளில் எத்தனை உண்மையிலேயே பெம்பெருலஸைக் குறிக்கின்றன என்பது இன்று ஆராயவேண்டிய கேள்வியாகிறது.

இன அடையாளத்தைத் தாங்கும் உறுப்புகள் வெறுங்கண்ணுக்குத் தெரியாதவை. கூன்வண்டுப் புழுவின் உணர்கொம்பு, அடித்தளம் ஒன்றின்மேல் அமைந்த சிறு கூம்பாகச் சுருங்கிவிட்டது. அந்தக் கூம்பின் நீள அகல விகிதம், அதைச் சூழ்ந்த நுண்புலன் முனைகளின் எண்ணிக்கை ஆகியவை இனத்துக்கு இனம் மாறலாம். மேலுதட்டின் உட்புறத்தில், உணவைத் தாடைகளுக்கிடையே தள்ளும் மென்பரப்பில், மயிர்களும் குச்சிபோன்ற தாங்குதண்டுகளும் குறிப்பிட்ட ஒழுங்கில் அமைந்திருக்கும். வயிற்றுக்கண்டங்களில் பெரும்பாலானவற்றின் முதுகுப்புறம் மூன்று அல்லது நான்கு மடிப்புகளாகப் பிரிந்திருக்கும். பக்கவாட்டு மூச்சுத்துளைகளை ஒட்டிய காற்றுக்குழல்களின் நீளமும் அவற்றின் வளையங்களும் உருப்பெருக்கியில் எண்ணக்கூடியவை. எல்லாவற்றிலும் மேலாக, தலையிலும் உடற்கண்டங்களிலும் உள்ள நுண்மயிர்களின் எண்ணிக்கை, இடம், ஒன்றுக்கொன்று உள்ள நீள ஒப்பு ஆகியவை வரைபடமாகத் தரப்படும்போதுதான், ஒருவர் கோவையிலும் வேறொருவர் வேறு நாட்டிலும் கண்ட புழுக்களை ஒப்பிட இயலும். இந்த மயிர்களுக்கும் உறுப்புகளுக்கும் பொதுவான பெயரமைப்பை ஆண்டர்சன் 1947இல் வகுத்தார். நியூசிலாந்தின் பிரெண்டா மே 1993இலும் 1994இலும் வெளியிட்ட நூல்கள் அதை விரிவாக்கிப் பயன்படுத்தின. பெயரமைப்பு பொதுவாக இல்லாத விவரிப்பு, எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்டிருந்தாலும், ஒப்பீட்டுக்குப் பயன்படாமல் தனித்தே நிற்கும்.

புழு தோலுரிக்குந்தோறும் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாறுகிறது. இரு தோலுரிப்புகளுக்கு இடையே மென்மையான உடல் பெருத்துக்கொண்டே வந்தாலும், தலையின் கடினமான ஓடு (தலையோடு) வளர்வதில்லை. ஒவ்வொரு தோலுரிப்பிலும் அது ஏறத்தாழ ஒரே விகிதத்தில் அகலமடைகிறது என்று 1890இல் டயார் சுட்டிக்காட்டினார். ஆகவே உடல்நீளத்தை அளந்து புழுநிலையைக் கூறுவது தவறான முறை. பல புழுக்களின் தலையகலத்தை அளந்து, அளவுகள் எத்தனை திரள்களாகப் பிரிகின்றன என்று காண்பதே முறை. கையேடுகளில் காணப்படும் 35 முதல் 57 நாள் என்னும் அகன்ற வீச்சு, வெப்பநிலையாலும் செடியின் வயதாலும் ஏற்பட்டிருக்கலாம்; ஆனால் எந்த நிலை எத்தனை நாள் நீடிக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்லாத வரையில், மண் அணைப்பதோ மருந்திடுவதோ எந்த நாளில் பயனளிக்கும் என்பதை அந்த எண்களிலிருந்து வருவிக்க முடியாது. முதல்நிலைப் புழு பட்டையின் அடியில் மெல்லிய தடத்தில் இருக்கும்போது செய்யத்தக்கதும், கடைசிநிலைப் புழு வீக்கத்தின் நடுவே பதிந்துவிட்ட பிறகு செய்யத்தக்கதும் ஒன்றல்ல.

கூட்டுப்புழு பெரும்பாலான விவரிப்புகளில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. உண்மையில் வண்டோடு புழுவை இணைக்கும் சாட்சி அதுவே. வீக்கத்துக்குள் புழு அமைத்துக்கொண்ட அறையில், உறுப்புகள் உடலோடு ஒட்டாமல் தனித்தனியே தெரியும்படி, அலகை மார்பின்மேல் மடித்துவைத்து, வெள்ளை மெழுகில் செதுக்கியதுபோல அது கிடக்கிறது. முதலில் கண்கள் கறுக்கின்றன. பிறகு தாடைகளும் அலகும் நிறமேறுகின்றன. கடைசியில் உடல் முழுவதும் பழுப்பாகிறது. அலகின் மேலும் தலையிலும் முன்மார்பிலும் இணையிணையாக நிற்கும் மயிர்களின் அமைப்பு, வயிற்றின் நுனியில் உள்ள முட்போன்ற நீட்சிகளின் வடிவம் ஆகியவை இனங்களைப் பிரிக்க உதவுகின்றன. அமெரிக்காவில் பர்க் என்பவர் 1968இல் பருத்திக்காய்க் கூன்வண்டும் அதன் உறவினங்களும் சேர்ந்த தொகுதியின் கூட்டுப்புழுக்களையும், 1972இல் அகமதுடன் சேர்ந்து அதே தொகுதியின் புழுக்களையும் ஒப்பிட்டு வெளியிட்டார். 1892 அளவில் மெக்சிகோவிலிருந்து டெக்சாசுக்குள் நுழைந்து அமெரிக்கப் பருத்தி வேளாண்மையைப் பெரிதும் பாதித்த அந்த வண்டு இந்தியாவில் இல்லை; இறக்குமதிப் பருத்தியில் அது வந்துவிடாதிருக்க இந்தியத் தொற்றுத்தடுப்பு விதிகள் காவல் வைத்திருக்கின்றன. அத்தகைய காவலில் கிடைக்கும் உயிரி முதிர்ந்த வண்டாகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. திருப்பூர் நூற்பாலைகளும் பின்னலாடைக் கூடங்களும் வெளிநாட்டுப் பருத்தியையும் நம்பியிருக்கும் இக்காலத்தில், புழுவையும் கூட்டுப்புழுவையும் பார்த்துப் பெயர் சொல்லும் திறன் இந்த வட்டாரத்தின் தேவையும் ஆகும்.

எதிரிப்பூச்சிகளைப் பற்றிய ஆய்விலும் இதே சிக்கல் எழுகிறது. தண்டுக் கூன்வண்டின் புழுவைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளில் ஸ்பாதியஸ் கிரிட்டோலாஸ், யூடெரஸ் பெம்பெரிஃபிலா ஆகியவை கோவை ஆய்வுகளால் வெளிச்சத்துக்கு வந்தவை. இரண்டாவதன் பெயரே விருந்தோம்பிப் புழுவின் பெயரிலிருந்து பிறந்தது. விருந்தோம்பி என்பது ஒட்டுண்ணியின் இளம்பருவம் உண்டு வளரும் உயிரி. ஸ்பாதியஸ் வகைக் குளவியின் இளம்புழு, விருந்தோம்பியின் உடலுக்கு வெளியே ஒட்டியிருந்து, அதை முற்றிலும் உறிஞ்சித் தின்றுவிடுகிறது. மிஞ்சுவது சுருங்கிய தோலும், தாடைகள் பொருந்திய தலையோடுமே. அந்தச் சிறு எச்சத்தைக் கொண்டு, குளவி எந்த இனத்தைத் தின்று வளர்ந்தது என்று கூறவேண்டுமானால், தலையோட்டின் விவரிப்பு முன்னரே இருந்தாக வேண்டும். அது இல்லாவிடில், பருத்தித் தண்டிலிருந்து வெளிவந்த குளவி என்பதற்கு மேல் எதுவும் உறுதியாகச் சொல்ல இயலாது. அத்தகைய பதிவை நம்பி உயிரியல் கட்டுப்பாடு திட்டமிடுவது ஆபத்தானது.

1919இல் சென்னை மாகாணத்தில் வேளாண் பூச்சி நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. ஆகஸ்டு மாதத் தொடக்கத்துக்குள் கம்போடியாப் பருத்திச் செடிகளைத் தோட்டத்திலிருந்து பிடுங்கிவிட வேண்டும், அடுத்த விதைப்புவரை பயிரற்ற இடைவெளி இருக்க வேண்டும் என்னும் விதி அதன் கீழ் கோவை வட்டாரத்தில் நடைமுறைப்படுத்தப்பட்டது. இந்த ஏற்பாட்டின் தருக்கம் தெளிவானது: தண்டுக்குள் உள்ள இளம்பருவங்கள் செடியோடு அழிந்தால் அடுத்த தலைமுறை தோன்ற வழியில்லை. ஆனால் வெண்டையிலும், துத்தி போன்ற களைகளிலும், காட்டுப்புளிச்சை வகைகளிலும் இதே வண்டு வாழ்வதாகப் பதிவுகள் உள்ளன. வேலியோரத்துத் துத்தியின் தண்டில் இருப்பது இதே இனத்தின் புழு என்றால், பயிரற்ற இடைவெளி பாதிப்பயனே தரும். அது உருவத்தில் ஒத்த வேறொரு கூன்வண்டின் புழு என்றால், துத்தியை ஒழிக்க உழவர் செலவிடும் உழைப்பு வீண். இந்த வினாவுக்கான விடை சட்டத்தின் வாசகத்தில் இல்லை; புழுவின் மேலுதட்டிலும் நுண்மயிர்களிலும் இருக்கிறது. தூர்பிடுங்கும் உத்தரவைக் கடைப்பிடித்த உழவருக்கு அந்த விடையைத் தரும் கடமை அறிவியலுக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது.

மரபணுத் துண்டை வாசித்து இனத்தைச் சொல்லும் முறை வந்துவிட்ட பிறகு உருவ விவரிப்பு தேவையா என்னும் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. மைட்டோகாண்டிரியாவின் ஒரு குறிப்பிட்ட மரபணுவில் சுமார் 650 எழுத்து நீளப் பகுதியை ஒப்பிட்டு, புழுவையும் வண்டையும் ஓரினம் என்று நிறுவுவது இன்று இயல்பான செயல். வளர்ப்பில் வண்டாகும் முன்பே இறந்துவிட்ட புழுவுக்கும் இதனால் பெயர் கிடைக்கிறது. இருப்பினும் இம்முறை ஒரு சமன்பாட்டை நிறுவுகிறதே ஒழிய, புழு எவ்வாறு மெல்லுகிறது, எங்கே மூச்சுவிடுகிறது, எந்த நிலையில் தண்டின் எப்பகுதியில் இருக்கிறது என்பதைக் கூறுவதில்லை. பழைய சேகரங்களில் பத்தாண்டுக்கணக்கில் ஆல்ககாலில் கிடக்கும் புழுக்களில் மரபணு சிதைந்திருக்கக்கூடும், தலையோடு சிதைவதில்லை. எனவே இரண்டும் ஒன்றையொன்று நிரப்புபவை என்பதே சரியான முடிவு.

பருத்தி இந்த வட்டாரத்தை விட்டு விலகியபின் தண்டுக் கூன்வண்டைப் பற்றி எழுதுவது பழங்கதை என்னும் கருத்தும் ஏற்கத்தக்கதன்று. 2002இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட, மரபணு மாற்றிய பி.டி. பருத்தியின் நச்சுப்புரதம் அந்துப்பூச்சிகளின் புழுக்களைக் குறிவைத்தது. வண்டினப் புழுக்களை அது கட்டுப்படுத்துவதில்லை. தமிழ்நாட்டில் பருத்தி பயிராகும் இடங்களில் தண்டுக் கூன்வண்டு இன்றும் பூச்சிப்பட்டியலில் இருக்கிறது. வீரபாண்டியைச் சூழ்ந்து கட்டடங்களுக்கு இடையே எஞ்சிய தோட்டங்களில் வெண்டையும், காலிமனைகளிலும் ஓடையோரங்களிலும் துத்தியும் வளரும் இடங்கள், பருத்தியின்றியே இந்த வண்டு நிலைத்துவாழ முடிகிறதா என்று சோதிக்கத்தக்க களங்கள்.

அத்தகைய களங்களில் புழுக்களைச் சேகரிக்கும்போது கைக்கொள்ளவேண்டிய முறை செலவு மிக்கதன்று. பொறுமை மட்டும் வேண்டும். வீங்கிய தண்டுகளை இரு பங்காக்கி, ஒரு பங்கைப் பிளந்து, எல்லா நிலைப் புழுக்களையும் கொதிநிலைக்குச் சற்றுக் கீழான வெந்நீரில் ஒரு கணம் இட்டு, உடல் கறுக்காமல் நிமிர்ந்தபின் 75 விழுக்காடு ஆல்ககாலில் வைக்க வேண்டும். மறு பங்கை மெல்லிய துணியால் மூடிய கண்ணாடிக்குவளைகளில் வைத்து, வண்டு வெளிவரும்வரை காத்திருக்க வேண்டும். வெளிவந்தபின் அந்தத் தண்டையே கவனமாகப் பிரித்தால், கூட்டறையின் ஒரு மூலையில் புழு கடைசியாக உரித்த தோலும் அதனோடு ஒட்டிய தலையோடும் கிடைக்கும். அதைக் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் தெளியவைத்து, கண்ணாடித் தகட்டில் பதித்து, அதே வண்டின் ஊசியில் அதே எண்ணோடு இணைத்து வைத்தால், புழுவும் வண்டும் ஒரே உயிரின் இரு பருவங்கள் என்பதற்கு நேரடிச் சான்றாக அது அருங்காட்சியகப் பெட்டியில் நிற்கும்.