ஜான் டெலோரியனின் தன்வரலாறு

ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதினால் அதனைச் சாட்சியம் என்று கொள்வதா, வக்காலத்து என்று கொள்வதா? வரலாறு கற்பிக்கும் என்னிடம் மாணவர்கள் பலமுறை கேட்ட வினா இது. பொதுவான விடை ஒன்று கூறுவதைவிட, ஒரு நூலை எடுத்துக்கொண்டு பேசுவது பயன் தரும் என்று கருதுகிறேன். அமெரிக்காவில் மோட்டார்கார் உற்பத்தியாளராக விளங்கி, பெரும் பழிக்கு ஆளான ஜான் டெலோரியன், டெட் ஷ்வார்ஸ் என்னும் எழுத்தாளரின் துணையோடு 1985-ல் வெளியிட்ட தன்வரலாறே அந்நூல்.

டெலோரியன் 1925-ல் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். தந்தை ருமேனியாவிலிருந்து குடியேறி, போர்டு தொழிற்சாலையின் வார்ப்படப் பிரிவில் உழைத்தவர். மகன் பொறியியல் கற்று, 1956-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1965-ல் பாண்டியாக் பிரிவுக்கும் 1969-ல் செவ்ரலே பிரிவுக்கும் தலைவரானார். அந்த மாபெரும் நிறுவனத்தின் தலைமைப் பீடமே ஒரு நாள் இவருக்குக் கிட்டும் என்று பலர் எதிர்பார்த்திருக்க, 1973-ல் பதவியைத் துறந்து வெளியேறினார். தம் பெயரிலேயே ஒரு கார் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை.

அதற்கு வேண்டிய பணத்தில் பெரும்பங்கை அளித்தது பிரிட்டிஷ் அரசாங்கம். இதற்குக் காரணம் உண்டு. வட அயர்லாந்தில் அப்போது கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டு மக்களுக்கும் இடையே இரத்தம் சிந்தும் பகை. வேலையில்லாத் திண்டாட்டமோ மிகக் கொடியது. பெல்பாஸ்ட் நகரை அடுத்த டன்மரியில், இருசாராரின் குடியிருப்புகளுக்கும் நடுவே 1978-ல் தொழிற்சாலைக்குக் கால்கோள் நடந்தது. இரண்டே ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் கார்கள் வெளிவரத் தொடங்கின. சுமார் 2,500 பேருக்கு வேலை கிடைத்தது. தெருவில் எதிரெதிராக நின்றவர்கள் தொழிற்சாலைக்குள் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். இக்கதையில் என் நெஞ்சைத் தொட்ட பகுதி இதுதான், காரன்று.

கார் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுச் சமையலறையில் நாம் எவர்சில்வர் என்கிறோமே, அந்த வகை உலோகத் தகடே அதன் மேனி. வண்ணப் பூச்சே கிடையாது. கதவுகள் பறவையின் சிறகுபோல் மேல்நோக்கித் திறக்கும். விலை சுமார் 25,000 டாலர். வாங்குவோர் எதிர்பார்த்த அளவு வரவில்லை. ஏறத்தாழ 9,000 கார்களே உருவாயின. 1982 பிப்ரவரியில் தொழிற்சாலை ரிசீவர்களின் பொறுப்புக்குச் சென்றது.

அவ்வாண்டு அக்டோபர் 19-ஆம் நாள் இரண்டு செய்திகள் வந்தன. டன்மரி ஆலை மூடப்படும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது ஒன்று. கொக்கேயின் என்னும் போதைச்சரக்கு வியாபாரத்தில் ஈடுபட்டதாக டெலோரியன் லாஸ் ஏஞ்சல்ஸ் விடுதி ஒன்றில் கைதானது மற்றொன்று. உலகம் இரண்டாவது செய்தியையே பேசிற்று.

நூலில் அவர் தரப்பு வருமாறு: மூழ்கும் கம்பெனியைக் காக்க முதலீடு தேடி அலைந்தேன், முதலீட்டாளர் என நம்பி அணுகியவர்கள் அரசாங்கத்தின் ஆட்கள், விலக முற்பட்டபோது என் குழந்தையின் உயிருக்கே அச்சுறுத்தல் வந்தது. இதில் எவ்வளவு உண்மை? அவரை அதில் இழுத்துவிட்டவர் அவருடைய பழைய அண்டை வீட்டார். தாமே கடத்தலில் ஈடுபட்டுப் பின்னர் அரசாங்கத்துக்கு உளவாளியானவர். வழக்கின் மிகப் பெரிய சான்று இரகசியமாக எடுக்கப்பட்ட படம். அதில் டெலோரியன் அந்தச் சரக்கைப் பொன்னோடு ஒப்பிட்டுப் பேசுவதைக் காணலாம். ஆயினும் ஜூரிகள் 1984 ஆகஸ்டு 16-ஆம் நாள் அவரை முற்றும் விடுதலை செய்தனர். அரசாங்கமே பொறி வைத்து ஒருவனைக் குற்றத்துக்குத் தூண்டுவது முறையன்று என்ற வாதம் வென்றது. நானும் இந்த இடத்தில் அவர் பக்கமே நிற்கிறேன்.

நூலை முதன்முறை படித்தபோது என் தீர்ப்பு அதனோடு நின்றது. கைது, மனமாற்றம், சமயப் பற்று என்று அவர் உருக்கமாகச் சொல்லிச் செல்கையில் நான் வாதாட மறந்துவிட்டேன். மறுமுறை படித்தபோது ஆண்டுக் குறிப்பொன்றை அருகில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் நூல் வெளிவந்த ஆண்டு எனக்கு உறைத்தது. அவருக்கு எதிராக இன்னொரு வழக்கும் அதே 1985-ல் தொடுக்கப்பட்டது. அது பணத்தைப் பற்றியது.

காரின் பொறியியல் வேலைக்கென 1 கோடியே 76½ லட்சம் டாலர், பனாமாவில் பதிவான ஒரு கம்பெனிக்குச் சென்றது. அந்த வேலையைச் செய்ததோ இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனி. அதற்குத் தனியே கூலி கொடுக்கப்பட்டது. அப்படியானால் முந்தைய பணம் எங்கே? நீதிமன்றத்தில் நிற்கப்போகும் ஒருவரிடமிருந்து இதற்குத் தடையற்ற விடையை எதிர்பார்ப்பது நியாயமன்று என்பீர்கள். உண்மைதான். ஆனால் எந்த நேரத்தில் எழுதினார் என்று கேளாமல் படித்தால், முதல் வழக்கின் விடுதலையை இரண்டாவது வினாவுக்கும் விடையாக நாம் எடுத்துக்கொண்டுவிடுவோம். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

1986 டிசம்பரில் டெட்ராய்ட் ஜூரிகளும் அவரை விடுவித்தனர். லோட்டஸ் தலைவர் காலின் சாப்மன் 1982-லேயே இறந்துவிட்டார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த பிரெட் புஷல் மட்டும் 1992-ல் பெல்பாஸ்ட் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். டெலோரியனும் சாப்மனும் கூண்டில் நின்றிருந்தால் பத்தாண்டு விதித்திருப்பேன் என்ற பொருளில் நீதிபதி அன்று பேசினார். டெலோரியன் அமெரிக்காவிலேயே தங்கி, 2005 மார்ச் 19-ஆம் நாள் காலமானார். பெல்பாஸ்டில் சொல்லப்பட்டதற்கு, ஏழாண்டு முன்னரே அச்சேறிவிட்ட அவர் நூலில் விடையில்லை.