மிகிந்தலை வைத்தியசாலை: கல்லும் சாசனமும்

அநுராதபுரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 8 மைல் தொலைவில் உள்ளது மிகிந்தலை. மலைமீது ஏறும் நெடும்படிக்கட்டின் அடிவாரத்திலே, யாத்திரிகர் பெரும்பாலும் நின்று நோக்காது கடந்துசெல்லும் இடிபாடுகள் சில உள. கூரையும் சுவர்களும் அழிந்தொழிந்தன; கல் அத்திவாரங்களும் வாயிற்படிகளும் தூண்களின் எச்சங்களுமே எஞ்சியுள்ளன. பழைய வைத்தியசாலையொன்றின் எச்சங்களே இவை என்பது தொல்பொருளியலாளர் கருத்து. இக்கருத்து எவ்வாதாரங்களைக் கொண்டது என்பதும், அவ்வாதாரங்கள் எவ்வளவு தூரம் பேசவல்லன என்பதும் ஆராயத்தக்கனவாகும்.

முதலாவது ஆதாரம் கட்டடத்தின் அமைப்பு. இது இரு முற்றங்களை உடையது. வெளிமுற்றத்தைச் சார்ந்த அறைகள் மருந்து தயாரித்தல், நீராடல் போன்ற பணிகளுக்கு உரியன எனக் கருதப்படுகின்றன. உள்முற்றத்தைச் சுற்றி ஒரே அளவினவான சிற்றறைகள் நிரையாக அமைந்துள்ளன. நடுவிலே சிறியதொரு வழிபாட்டிடம் உண்டு. அறையிற் கிடந்த நோயாளர் எழுந்து செல்லாமலே வழிபடுதற்கு இவ்வமைப்பு இடமளித்தது. அறைகள் யாவும் திறந்த முற்றத்தை நோக்கியமையால் காற்றும் வெளிச்சமும் தடையின்றிக் கிடைத்தன.

இரண்டாவது ஆதாரம் இதனினும் வலியது. தனிக்கல்லிற் குடையப்பட்ட தொட்டியொன்று இங்கே காணப்படுகின்றது. அதன் உட்குடைவு தலை, தோள், உடல், கால் என மனித உருவின் வரம்பைத் தழுவிச் செல்கின்றது. சிங்கள மக்கள் இதனை 'பெஹெத் ஒருவ', அதாவது மருந்துத் தோணி என வழங்குவர். உடலை எண்ணெயில் அமிழ்த்தும் சிகிச்சைக்கு வடமொழி மருத்துவ நூல்கள் கூறும் 'துரோணி' என்ற சொல்லும் தோணியையே குறிப்பது. குடைவு உடலின் வடிவிலேயே அமைந்ததன் பயன் தெளிவு: அரிதிற் காய்ச்சிய தைலத்தையோ குடிநீரையோ வீணாக்காது, குறைந்த அளவினைக் கொண்டே முழு உடலையும் நனைக்கலாம். மெதிரிகிரியவிலும் பொலன்னறுவை ஆளாகனப் பிரிவேனாவிலும் இத்தகைய தொட்டிகள் கிடைத்துள்ளமை இக்கருத்தினை உறுதிசெய்கின்றது.

மூன்றாவது, நூற்சான்று. இரண்டாம் சேனன் (கி.பி. 853 - 887) சேதியகிரியில் வைத்தியசாலை அமைத்தான் எனச் சூளவம்சம் கூறும். சேதியகிரி மிகிந்தலையின் பழம்பெயர். இதற்கு ஏறத்தாழ நூறாண்டு பிற்பட்ட நான்காம் மகிந்தனின் மிகிந்தலைக் கற்சாசனம் விகாரைப் பணியாளரின் ஊதியங்களை நுணுக்கமாக வகுத்துரைக்கின்றது; மருத்துவரும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றனர்.

இச்சான்றுகளைக் கொண்டு உலகின் முதல் வைத்தியசாலை இலங்கையிலேயே தோன்றியது எனச் சிலர் கூறுவதுண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டினனாகிய பண்டுகாபயன் நோயாளர்க்குச் சாலை அமைத்தான் என்ற மகாவம்சச் செய்தியையும் அவர் துணைக்கழைப்பர். ஆயின் மகாவம்சம் அவனுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் இயற்றப்பட்டது. மிகிந்தலைக் கற்களோ 9ஆம் நூற்றாண்டுக்கு உரியன. நூல் கூறும் காலத்தைக் கல்லின்மேல் ஏற்றுதல் வரலாற்று முறையன்று. மேலும், இது துறவிகள் வாழ்ந்த விகாரையைச் சார்ந்து எழுந்த நிறுவனம். இன்றைய பொருளிற் பொதுமக்கள் வைத்தியசாலை எனக் கொள்ளுதல் பொருந்தாது.

இவ்விடத்திற் காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடற் சாசனத்தை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. வீரராசேந்திர சோழன் (1063 - 1070) காலத்து அச்சாசனம், கோயிலைச் சார்ந்த 'வீரசோழன்' என்னும் ஆதுலர்சாலையைப் பற்றிக் கூறுகின்றது. 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், சத்திர சிகிச்சை செய்வோன் ஒருவன், பணிப்பெண்டிர் இருவர் என அனைத்தும் கணக்கிடப்பட்டுள்ளன. தசமூல ஹரீதகி, வில்வாதி கிருதம் முதலாக ஏறத்தாழ இருபது மருந்துகளின் பெயர்களும் உள. அங்கும் சிகிச்சை கோயிற் பணியாளர்க்கும் கல்லூரி மாணவர்க்குமே உரியதாயிற்று. அங்கே சாசனம் உண்டு. நோயாளர் கிடந்த அறைகளை அது காட்டவில்லை. மிகிந்தலையில் அறைகள் உண்டு. படுக்கைக் கணக்கு இல்லை. ஒன்றன் குறையை மற்றொன்று ஓரளவு நிரப்புகின்றது.

இவ்வொப்பீடு எளிதிற் கடந்துவிட முடியாத ஓர் உண்மையையும் முன்வைக்கின்றது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் அநுராதபுர அரசைக் குலைத்ததும், 1017இல் ஐந்தாம் மகிந்தனைச் சிறைகொண்டதும் சோழர் படையே. விகாரைகள் கொள்ளையுண்டன எனச் சூளவம்சம் வருந்திக் கூறும். அரை நூற்றாண்டு கழிந்து அதே சோழர் ஆட்சியிலேதான் திருமுக்கூடல் ஆதுலர்சாலையின் அறக்கணக்கு கல்லிற் பொறிக்கப்பட்டது. அழித்த படையும் அறம் வளர்த்த கோயிலும் ஒரே அரசின் இரு முகங்கள். ஒன்றை மட்டும் எடுத்துப் பெருமையோ பழியோ பேசுவது வரலாறாகாது. பின்னர் முதலாம் பராக்கிரமபாகு (1153 - 1186) பொலன்னறுவையில் எழுப்பிய ஆளாகனப் பிரிவேனாவிலும் அதே முற்றமும் சிற்றறைகளும் கற்றொட்டியும் மீண்டும் காணப்படுகின்றன. அரசு வீழ்ந்தும் மருத்துவ மரபு அறவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

கட்டியவனின் பெயரை நூல் காத்தது; ஊதியம் பெற்றோரைச் சாசனம் காத்தது. நோயுற்றுக் கிடந்தோரை எவ்வேடும் குறிக்கவில்லை. சிங்களவரோ தமிழரோ, மூத்த துறவியோ இளையவரோ என்ற வேறுபாடின்றி எவர் உடலும் பொருந்தத்தக்க அக்கற்குடைவு ஒன்றே அவர்கள் இங்கு வாழ்ந்ததற்கு எஞ்சிய அடையாளம்.